போன வருடத்து பேக்கப்

ஒரு பெண்மணியின் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது. நான் என் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் போனில் பேசப் பேச, மறுமுனையில் அவருடைய கைக்குழந்தை வீறிட்டு அழுதது. எப்போதுதான் நிற்குமோ என்று இருந்தது எனக்கு.

"போன வருஷத்து பேக்கப் ஒண்ணுதான் இருக்கு மேடம். அதை ஏத்தினா, அதுக்கப்புறம் வந்ததெல்லாம் போயிடும். பரவாயில்லையா?" தூக்கத்தில் எழுப்பினாலும் என் வாய் இதைக் கேட்டுவிடும்.

"அதுக்கப்புறம் புதுசா ஒண்ணும் இல்லைங்க. ஏத்திடுங்க."

ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டு பேக்கப்பை ஏற்றினேன். பாதி ஏறியபோது அழுகை தேம்பலானது. பிறகு தேம்பலும் தேய்ந்தது. எல்லாம் ஏறி முடிந்ததும் மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"முடிஞ்சிடுச்சு மேடம். குழந்தையும் தூங்கிடுச்சு போல."

"எந்தக் குழந்தைங்க? எங்களுக்குத்தான் இன்னும் ஒண்ணும் தங்கலையே."

திரையைப் பார்த்தேன். அழித்ததை இனி மீட்க முடியாது.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றார் அவர். "என் கையில எதுக்கு ஒரு பால் பாட்டில் இருக்கு? இன்னும் சூடுகூட ஆறல."