தீட்சிதர் கடிகாரம்

கிருத்திகைக் கச்சேரியில் பாடகி சிங்காரம்மாள் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பந்தல் போட்ட கலீமுல்லாவுக்குத் தவிப்பாக இருந்தது. தான் கேட்டிருந்த ஆனந்தபைரவியைப் பாடாமலே அவர் ரயிலுக்குக் கிளம்பிவிடுவாரோ?

ஒரு பாட்டு முடிந்ததும் கலீமுல்லா மேடையருகே போனார்.

"ரயிலுக்கு நேரமாச்சாம்மா? கடியாரத்தையே பார்த்துகினு இருக்கீங்களே!"

சிங்காரம்மாள் சிரித்தபடி கையை நீட்டினார். கடிகார முகப்பில் முத்துசாமி தீட்சிதர் வீணையோடு அமர்ந்திருந்தார். முட்கள் அசையவில்லை.

"யுத்தத்துக்கு முன்னால நூறே நூறு செஞ்சாங்க பாய். நான் சாவியே கொடுக்கறதில்ல. ஓடினா தாளத்துல குறுக்கிடும். இவரு முகத்தைப் பார்த்துகினுதான் பாடுறேன். ஆமா, மணி என்ன?"

ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவிப் புறப்பட்டது.

"அடுத்தது காலையிலதாம்மா," என்றார் கலீமுல்லா, முகமெல்லாம் மலர.

"அப்ப உட்காருங்க பாய். ஆனந்தபைரவிய நிதானமாவே பாடலாம்."