காலண்டரில் சிவப்புப் புள்ளி

சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டப் புரட்ட மாடசாமிக்குப் பயம் கூடியது. ஜனவரியில் இரண்டு, பிப்ரவரியில் மூன்று. மார்ச் இன்னும் முடியவில்லை, அதற்குள் நாலு. தேதிக்குப் பக்கத்தில், கடுகளவில், சிவப்புப் பேனாவால் வைத்த புள்ளிகள்.

காலையில் சுரங்க கேன்டீனில் பிடித்த பயம் இது. கூட வேலை பார்க்கும் வெங்கடேஷ் பேப்பரை விரித்து, புதுப்பட விமர்சனத்தைச் சத்தமாகப் படித்தான். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வாழ்க்கையை இவ்வளவு நிஜமாகச் சொன்ன படம் வேறில்லை. பெற்றோர் தவறாமல் பார்க்க வேண்டும்.'

"இதைக் கேளுண்ணே. ப்ளஸ் ஒன் படிக்கிற பொண்ணு. திருட்டுத்தனமா பையனைப் பாக்கப் போற நாளெல்லாம் வீட்டுக் காலண்டர்ல ஒரு புள்ளி வெச்சிடுறா. 'அந்த ஒரு புள்ளிக்கே இயக்குநருக்கு விருது தரலாம்'னு எழுதியிருக்கான். அப்பன்காரன் தினம் அதுலதான் தேதி பாக்குறானாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். மாடசாமி டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார். ஷிஃப்ட் குறித்து வைக்கும் தன் வீட்டுக் காலண்டரில் சிவப்பாக எதையோ பார்த்த ஞாபகம். அவர் மகள் சண்முகப்ரியாவும் ப்ளஸ் ஒன்தான்.

இப்போது ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். ஏ ஷிஃப்ட் நாளில் இல்லை. பி, சி எதிலும் இல்லை. அத்தனையும் ஆஃப் நாள்! அவர் கொஞ்சம் போட்டுவிட்டு வீட்டிலேயே கிடக்கிற நாள். அப்பன் உள்ளே இருக்கும்போதே வாசலைத் தாண்டுகிறாள் என்றால் எவ்வளவு நெஞ்சழுத்தம்!

"தேவயானி!"

அடுக்களையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றக் கையை உயர்த்தினார். அவள் சட்டென்று முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். எப்போதும் இப்படித்தான், ஒன்றுமில்லாததற்கெல்லாம் பதறுவாள்.

"பொண்ணை வளத்திருக்கிற லட்சணம் இதானாடி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க..."

வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம். சண்முகப்ரியா புத்தகப் பையோடு உள்ளே வந்ததும் மாடசாமி கதவைத் தாழிட்டார்.

"யாரு அவன்?"

"எவன்ப்பா?"

காலண்டரை அவள் காலடியில் வீசினார். "இந்தப் புள்ளியெல்லாம் யார் வெச்சது?"

அவள் குனிந்து அதை எடுத்தாள். அம்மாவை ஒரு தடவை பார்த்தாள்.

"நான்தான்."

"எவ்வளவு தைரியம்! இப்பவே பேரைச் சொல்லு. இல்லேன்னா நாளைக்கே டிசி வாங்கிட்டு ஊருக்கு அனுப்பிடுவேன். படிப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். உங்க மாமன் மகனுக்கு முடிச்சிட்டு நிம்மதியா இருப்பேன்."

"வேணாங்க, அவ படிக்கட்டும்..." தேவயானி அழ ஆரம்பித்தாள்.

"நீ வாயை மூடு!"

மாடசாமி திரும்பிய வேகத்தில், சண்முகப்ரியா பையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லுடி! அந்த நாளெல்லாம் என்ன பண்ணினே?"

அவள் குரல் நடுங்கவில்லை.

"அதெல்லாம் நீங்க அம்மாவை அடிச்ச நாளுப்பா."