யார் யாருக்கு அக்கா

அந்த விரிகுடாவில் மிஞ்சியிருந்தவை இரண்டே கடல்பசுக்கள். ஒருத்தி தழும்பி, இன்னொருத்தி மொட்டைவாலி. இருவருக்கும் பேச வேறு யாருமில்லை. பேசுவதற்கும் ஒரே விஷயம்தான் இருந்தது.

"அக்கா, இங்கே புல்லு நல்லாயிருக்கு" என்பாள் தழும்பி.

"யாருடி உனக்கு அக்கா? நீதான் எனக்கு அக்கா" என்று சீறுவாள் மொட்டைவாலி.

இவர்கள் பிறந்ததைப் பார்த்தவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. அதனால் சண்டை தீரவே இல்லை.

ஒருநாள் படகில் வந்தவர்கள் இருவர் முதுகிலும் துளித் தோலைச் சுரண்டிக்கொண்டு போனார்கள். வயது ஏற ஏற மரபணுவில் சில குறிகள் மாறுமாம். அதைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார்களாம். படகு மறுபடி வந்தபோது ஒட்டுக்கேட்ட கடற்காக்கை சேதி கொண்டுவந்தது.

"மொட்டைவாலிதான் ரெண்டு வருஷம் மூத்தவளாம்."

தழும்பி தலைகால் புரியாமல் ஒரு சுற்று சுற்றி வந்தாள். "கேட்டியா அக்கா?"

மொட்டைவாலி குனிந்து மேய்ந்தபடியே நகர்ந்து போனாள். மறுநாளும் பேசவில்லை, அதற்கடுத்த நாளும் பேசவில்லை. ஜெயித்த தழும்பிக்குத்தான் புல் இறங்கவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லாத கடல் அத்தனை பெரிதாக இருந்தது.

கடைசியில் கடற்காக்கையைத் தேடிப் போனாள். "அவங்க அடிச்சுச் சொன்னாங்களா?"

"மூணு வருஷம் முன்னப்பின்ன இருக்கலாம்னாங்க. நீ எங்கே முழுசாக் கேட்டே?"

தழும்பி ஒரே மூச்சில் மொட்டைவாலியிடம் நீந்தினாள். "மூணு வருஷம் முன்னப்பின்ன இருக்குமாம். நான்கூட மூத்தவளா இருக்கலாம்."

மொட்டைவாலி தலையைத் தூக்கவில்லை. வாயிலிருந்த புல்லை நிதானமாக மென்று முடித்தாள்.

"மூணு இல்ல, அக்கா" என்றாள். "அஞ்சுன்னு நான் கேள்விப்பட்டேன்."