இருநூற்றுப் பதினான்கு கருத்துகள்

இரண்டாவது அடியில் காது அடைத்துக்கொண்டது.

மூன்றாவதற்கு அண்ணன் ஃபேன்பெல்ட்டைக் கையில் எடுத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லாரி பாடி கட்டும் அவர்கள் பட்டறையில் வேறு யாருமில்லை. ஷட்டரை அண்ணனே உள்ளிருந்து இழுத்து விட்டிருந்தான்.

"படிடா. ஊரே காறித் துப்பியிருக்குமே, அதைப் படி. உன்ற வாயால நான் கேக்கோணும்."

தம்பியின் கையில் போன் வழுக்கியது. ரத்தம்.

இரண்டு ஆண்கள் காதலித்துக் கட்டிப் புரளும் கதை. இணையத்தில் புனைபெயரில் ஆறு பாகம் எழுதியிருந்தான். ஆறு மாதமாக எவனுக்கும் தெரியாது. காட்டிக்கொடுத்தவன் ஒரு ரசிகன்.

'தகரம் அடித்து மூடுவதற்கு முன், உள்பலகையில் இருவரும் சாக்பீஸால் பேரெழுதி வைக்கும் இடம் அபாரம். இந்தப் பழக்கம் எங்கள் ஊரில் ஒரே ஒரு பட்டறையில்தான் உண்டு. நீங்கள் அங்கேதானே?'

கூடவே மூன்று இதயம். புகழ்ந்தே ஆளைக் குழியில் இறக்கிவிட்டான், புண்ணியவான். அதை யாரோ அண்ணனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெல்ட் தோளில் விழுந்தது. அவன் படித்தான்.

'நாலாம் பாகத்தை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப் போனதே தெரியவில்லை. அந்த மழைக் காட்சி... போங்க சார்!'

முதுகில் ஒன்று.

'உன்னைப் பெத்தவளைச் செருப்பால அடிக்கணும்.'

அண்ணன் திருப்தியாகத் தலையாட்டினான். தன்னைப் பெற்றவளும் அவள்தான் என்பது உறைக்கச் சற்று நேரமாயிற்று. உறைத்ததும் அடி பலமாக விழுந்தது.

'எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பேரன் இருக்கிறான். இதைப் படித்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.'

அடிக்கு உடையாத குரல் இங்கே உடைந்தது.

பெல்ட் நின்றது. ஒரு கணம்தான்.

"அத்தனையும் அழிச்சுப்போடு. நாளைக்கு நான் கடைவீதியில தலைநிமிந்து நடக்க வேண்டாமா?"

கதை போனால் போகட்டும், மறுபடி எழுதிக்கொள்ளலாம். ஆனால் கதையை அழித்தால் அதன் கீழே இருக்கும் இருநூற்றுப் பதினான்கு கருத்துகளும் சேர்ந்தே போகும். அந்த ஐம்பத்திரண்டு வயதுக்காரர் இன்னொரு முறை வாய் திறப்பாரா?

"மாட்டேண்ணா."

"கொண்டா இங்க. நானே அழிக்கிறேன்."

தம்பி போனை லாரிச் சட்டத்தின் இரும்பில் ஓங்கி அடித்தான். கண்ணாடி தெறித்தது. மறுபடி அடித்தான். போன் இரண்டாகப் பிளந்தது.

பாஸ்வேர்டு அவன் தலைக்குள் இருந்தது. கதையும் கருத்துகளும் அண்ணனின் கைக்கு எட்டாத எங்கோ பத்திரமாக இருந்தன.

அண்ணன் உடைந்த போனைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு, மூலையில் கிடந்த சம்மட்டியை எடுத்து வந்தான். அவனுக்கு மூச்சு இரைத்தது. கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"எந்தக் கையிலடா அந்தக் கருமத்தை எழுதுன?"

வெல்டிங்குக்கு இரண்டு கையும் வேண்டும். கதைக்கு வலது கட்டைவிரல் ஒன்று போதும்.

தம்பி இடது கையை நீட்டி, இரும்பின் மேல் விரித்து வைத்தான்.