அறையில் இருந்தவள்

நாஷ்வில் நகரில், வானொலி பாட்டுக்குத் தரும் பணத்தை வசூலித்து, எழுதியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சங்கம் அது. வெஸ்லி தன் புதுப் பாட்டைப் பதிய வந்திருந்தான்.

“எழுதினது யாரு?” என்றாள் அலுவலர் லொரெட்டா.

“நானும் கொரினும். ஆளுக்குப் பாதி.”

“அவ எத்தனை வரி எழுதினா?”

“ஒண்ணுமில்ல. தூங்கிட்டிருந்தா.”

லொரெட்டா சிரித்தாள். “தூங்கினவளுக்குப் பாதியா? உன் பேரை மட்டும் போடறேன் கண்ணு.”

“வேணாம் மேடம். பாட்டு பிறக்கும்போது அறையில இருந்தவங்க எல்லாருக்கும் சமபங்கு. அதானே நம்ம ஊர் வழக்கம்?”

“சரி, கையெழுத்துப் போட அவளை வரச் சொல்லு.”

“அது ஆஸ்பத்திரி அறை மேடம். கொரின் என் மனைவி. அப்புறம் அவ கண்ணே திறக்கல.”

லொரெட்டா விசைப்பலகையை அருகில் இழுத்தாள்.

“கொரின்... பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லு கண்ணு.”