நாற்பத்தொன்றாவது பதில்

அப்பா தணிகாசலம் படுத்திருந்த, ஆஸ்பத்திரியின் பேசும் கட்டில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதே கேள்வியைக் கேட்டுச் செங்கமலத்தின் உயிரை வாங்கியது. "மூச்சு நின்றால் குழாய் பொருத்தலாமா, ஐயா?"

நுரையீரல் முழுக்கக் கெட்டுப்போன அவர், ஆஸ்பத்திரியில் சேர்ந்த பத்து நாளில் நாற்பது முறை "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

"ஒரு தடவ கேட்டா போதாதா சிஸ்டர்?" என்று செங்கமலம் சண்டையே போட்டாள்.

"மனசு மாறலாம்ல மேடம். ரூல் அப்படி."

நாற்பத்தொன்றாவது முறை கட்டில் கேட்டபோது, அவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். "என்னத்தையாவது செஞ்சு தொலை!" என்று கத்தினார்.

"நன்றி. பதிவு செய்துகொண்டேன்" என்றது கட்டில்.

அன்று பிற்பகல் அவருக்கு மூச்சு முட்டியது. செங்கமலம் தடுக்கத் தடுக்கக் குழாயைச் செருகிவிட்டார்கள்.

"நாப்பது தடவ வேணாம்னாரே!"

"கடைசியாச் சொன்னதுதான் மேடம் செல்லும்."

"அப்ப மாத்துங்க. இப்பவே மாத்துங்க!"

"அவரே வாயத் தொறந்து சொல்லட்டும், உடனே மாத்திடறோம்" என்றாள் நர்ஸ்.

செங்கமலம் அப்பாவின் வாயைப் பார்த்தாள். குழாய் நழுவாமலிருக்க அதைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள்.