கோட்டுக்கு உள்ளே

ஜன்னல் வெளிச்சம் போர்வைக்கு வெளியே நீட்டிய அவள் காலில் விழுகிறது. கொசுக்கடியைச் சொறிந்த புண்ணில் கிருமி ஏறி, கணுக்காலிலிருந்து தோல் சிவந்து பளபளக்கிறது. நேற்று மருத்துவர் அந்தச் சிவப்பைச் சுற்றி நீலப் பேனாவால் கோடு போட்டார். "செவப்பு இதத் தாண்டுச்சுன்னா உடனே கொண்டுவந்து சேர்த்துடுங்க. தள்ளிப்போட்டா காலே போயிடும்" என்று கணவனிடம்தான் சொன்னார். நாளை வீடு மாற வேண்டும். அவன் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று சர்ரென்று டேப்பை இழுக்கிறான். மாத்திரை மயக்கம் அவளுக்கு இப்போதுதான் தெளிகிறது. "என்னங்க, காய்ச்சல் கொதிக்குது. கோட்டத் தாண்டிருச்சான்னு பாருங்களேன்." "எல்லாம் பாத்தாச்சு மகாராணி, உள்ளதான் இருக்கு. எந்திரிச்சுப் பாத்திரத்த எடுத்துக் கட்டு." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து குனிகிறாள். உண்மைதான், சிவப்பு கோட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் கோடு கறுப்பாக, தடியாக, முழங்காலைத் தாண்டி ஓடுகிறது. சிவப்பின் நடுவே, துடைத்தும் போகாமல், ஒரு நீல வளையம் மங்கலாகத் தெரிகிறது. அவள் நிமிர்கிறாள். எதிரே இருக்கும் பெட்டியின் மேல், அதே தடித்த கறுப்பு மையில், அவன் எழுதி வைத்திருக்கிறான்: 'கண்ணாடி, பத்திரம்.'